ஆறாவது றெக்கை

சகலைகள் இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது. படகு மட்டும் பொதுவில் ஓடியது. காலையில் பெரியவர் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போவார், மதியத்துக்கு மேல் சின்னவர். சொல்ல வேண்டியதை மனைவிமார் வழியாகச் சொல்லி அனுப்பிக்கொண்டார்கள். "பெட்ரோல் குறைவா இருக்காம், அத்தான் சொல்லச் சொன்னார்" என்பாள் சின்னவர் மனைவி. "தெரியும்னு சொல்லு" என்பார் அவர்.

விஷயம் சின்னது, வார்த்தைதான் பெரிசு. சின்னவரின் மகள் ஓடும் படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பெரியவர் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. பிள்ளை அழுதாள். "பெத்திருந்தா தெரியும், பிள்ளையை எப்படித் தொடணும்னு" என்று சொல்லிவிட்டார் சின்னவர். படகில் இருந்த எல்லார் காதிலும் விழுந்தது. பெரியவருக்குக் குழந்தை இல்லை. மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை பாலம் சுற்றிப் போகும் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சின்னவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, நட்டாற்றில் மோட்டார் கூவ ஆரம்பித்தது. சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஓடும்போது மோட்டாரின் பக்கத்திலிருந்து மெல்லிசாகப் பீய்ச்சும் தண்ணீர் நின்றுபோயிருந்தது. ஆற்று நீரை மேலே ஏற்றி இஞ்சினைக் குளிரவைக்கும் பம்ப் படுத்துவிட்டது. அணைத்துவிட்டு, துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார். மெக்கானிக் வெளியூர் போயிருந்தார். பம்ப்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம் மட்டும் கடையில் கிடைத்தது.

பம்ப் இருப்பது மோட்டாரின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் அடிப்பாகத்தில். அதைக் கழற்றலாம், ஒற்றை ஆளாகத் திரும்ப மாட்ட முடியாது. ஞாயிறு காலை கொட்டகையில் மோட்டாரை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுச் சின்னவர் நின்றபோது, பெரியவர் தானாகவே வந்தார். மோட்டாரைப் பார்த்துச் சொன்னார்:

"யாராவது அந்தப் பன்னண்டு ஸ்பேனரை எடுத்தா நல்லது."

சின்னவரும் மோட்டாருக்கே பதில் சொன்னார். "எடுத்தாச்சு."

போல்ட்டுகள் இளகி வந்தன. கால் கழன்று இருவர் கையிலும் கனமாக இறங்கியது. பம்ப்பின் மூடியைத் திறந்தால், ரப்பர் சக்கரம் காய்ந்து வெடித்திருந்தது. ஆறு றெக்கையில் நாலுதான் மிச்சம். ஒன்று மூடிக்குள்ளேயே கிடந்தது.

"இன்னொண்ணு?" என்றார் பெரியவர்.

"தண்ணியோட வெளிய போயிருக்கும். புதுசைப் போட்டுப் பாக்கலாம்."

"மேல போற குழாய்ல அடைச்சிருந்தா? அது கிடைக்காம மோட்டார் ஏறாது. ஊரார் பிள்ளைங்க ஏறுற படகு."

'பிள்ளைங்க' என்ற சொல் கொட்டகைக்குள் அப்படியே நின்றது. சின்னவர் கம்பி ஒன்றின் நுனியை வளைத்து, மல்லாந்து படுத்து, குழாய்க்குள் விட்டுத் துழாவினார். கை கடுத்துப் போகும்வரை துழாவினார். கடைசியில் நகத்தளவு கறுப்பு ரப்பர் அவர் நெஞ்சின்மேல் விழுந்தது. பெரியவர் அதை எடுத்து, உடைந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது.

புதுச் சக்கரத்துக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, றெக்கைகள் ஒரே பக்கம் மடங்கும்படி, சக்கரத்தைச் சுழற்றும் தண்டைத் திருப்பித் திருப்பி மூடியை இறக்கினார்கள். பிறகு மோட்டாரின் காலைத் தூக்கினார்கள். தண்டு, குழாய், கியர் கம்பி மூன்றும் ஒரே நேரத்தில் துளை சேர வேண்டும். அதற்கு மோட்டாரோடு பேசினால் போதாது.

"இடது பக்கம் தள்ளு. ரொம்பப் போயிட்ட. வா, வா..."

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னது..."

"கம்பியைப் பாரு."

போல்ட் இறுகிய பிறகுதான் பெரியவர் நிமிர்ந்தார். "சொன்னது சொன்னதுதான். எனக்கு அது போகாது. ஆனா இனி எங்கிட்ட நேரா பேசு. பொம்பளைங்க ரெண்டு பேரையும் தபால்காரங்களா ஆக்கிட்டோம்."

சின்னவருக்குச் சிரிப்பு வந்தது. "சரிண்ணே."

படகில் மாட்டிக் கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு அழுக்கோடு இருமிவிட்டு, தண்ணீர் ஒரே சீராகப் பீய்ச்சியது. பெரியவர் விரலை நீட்டிச் சூடு பார்த்தார், தலையாட்டினார். ஆற்றில் ஒரு சுற்று போனார்கள்.

"நாளைக்கு அவ பஸ்ஸுக்கா?"

"படகுலதாண்ணே."

"நடுவுல உக்காரச் சொல்லு. நான் தொடமாட்டேன்."

"விளிம்புல ஏறினா இழுத்துப் போடுங்க. நான் கேக்கமாட்டேன்."

திங்கட்கிழமை அவள் வந்தாள். நடுப்பலகையில், பையை மடியில் வைத்து, பெரியப்பாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவரும் வலியப் போய்ப் பேசவில்லை. அவள் அவர் பக்கம் திரும்பி உட்காரும் நாள்வரை, தினமும் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினார்.