கடைசி வரியின் ஆறு எழுத்துகள்

1

இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடத்தில் பிறந்தது. மறைப்பானேன்? "பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள்" என்றார் மாலை வகுப்பு ஆசிரியர். அப்பாவைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதை எழுதினேன்.

முதல் தொடக்கம்: பச்சை ஒளி அப்பாவின் கண்ணுக்குள் மின்னலாய்...

(மின்னலை நான் எங்கே பார்த்தேன்? அறைக்கு வெளியே அல்லவா உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட்டேன்.)

2

பார்த்தது இவ்வளவுதான். அப்பா பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோய் அவருடைய விழித்திரையைக் கெடுத்திருந்தது. வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். வெளியே வந்ததும் செவிலியரைக் கேட்டார்:

"எப்போம்மா தெளிவாத் தெரியும்?"

"இது பார்வையக் கூட்டுறதுக்கு இல்லைங்க. இருக்கிறதக் காப்பாத்துறதுக்கு. இடது கண்ணுக்கும் வைக்கணும்."

"அப்போ இருக்கிறத வெச்சு ஓட்டிக்கணும்னு சொல்லுங்க."

அவர் ஜோக்குக்கு அவரே சிரித்தார்.

பார்வை சோதிக்கும் அறையின் சுவரில் எழுத்து அட்டை. கடைசி வரி: ட ப ர ச ம ய. விவரம் முக்கியம் என்பதால் குறித்துக்கொண்டேன்.*

*ஆசிரியர் இந்த வரியைச் சுழித்து, "அநாவசியம்" என்று எழுதியிருக்கிறார்.

3

என் எழுத்தை அப்பா ஒருநாளும் கேட்டதில்லை. இந்த வாரம் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். அட்டை வரும் இடத்தில் மட்டும், "மெதுவா." எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று முகம் மழிக்கும்போது முணுமுணுத்தார்: "ட, ப, ர..."

"என்னப்பா அது?"

"உன் கதைதான். மனப்பாடமே ஆயிடுச்சு பாரேன்."

"கதையாம் கதை!" அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "வியாழக்கிழமை லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட்டுன்னு சொல்லுங்களேன்."

அதே மருத்துவமனை. அதே அறை. அதே அட்டை.

4

முடிவு ஒன்று: மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவர் வீட்டில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல்... (இது நடக்கும். அதனால்தான் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத் திருப்பத்தில், வலப்பக்கம் ஒரு சைக்கிள்...

(இதையும் முடிக்க முடியவில்லை.)

5

இன்று புதன்கிழமை. "வாசி கண்ணு, இன்னொரு தடவை" என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்.

இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி வாசித்தால் போதும், அவருக்கு அட்டை தெரியவில்லை என்பது நாளை தெரிந்துவிடும். இரண்டாம் பகுதியில் ஏற்கெனவே மாற்றிவிட்டேனா என்று உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

நீங்கள் அவருடைய பேருந்தில் ஏறுபவராக இருக்கலாம். வீட்டில் உங்களுக்கும் இப்படி ஓர் அப்பா இருக்கலாம். நோட்டு என் மடியில் திறந்திருக்கிறது.

எந்த எழுத்துகளை வாசிக்கட்டும்?