நூற்றைம்பது புட்டிகளும் பத்து மைல் தடையும்

1

ஐந்நூற்று முப்பத்தேழு ரூபாய் எட்டணா. அங்கமுத்து தர வேண்டுமென்று ராசிபுரம் சோடாக் கம்பெனி ராசப்பன் கோர்ட்டில் கேட்ட தொகை. அதில் முப்பத்தேழரை ரூபாய் என்னால் வந்தது. இந்தக் கதையை எழுத அந்த முப்பத்தேழரைதான் காரணம். வேறு பெரிய காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ராசிபுரத்தில் மாலை வெயில் பொன்னாக –

அடித்துவிட்டேன். அந்த வெயிலில் ராசப்பனிடம் புட்டி கழுவியவன் நான். அது பொன்னாக இல்லை.

மறுபடி. 1933இல் ராசப்பன் அங்கமுத்துவுக்குப் புதுச்சத்திரத்தில் கிளைக்கடை கொடுத்தார். பெயர் அவருடையது, அந்தப் பெயர் கண்ணாடியிலேயே வார்த்த கோலிப் புட்டியும் அவருடையது. உழைப்பும் லாபத்தில் பாதியும் அங்கமுத்துவுக்கு. மூன்று வருஷக் கெடு. கெடு முடிந்தபின் ஐந்து வருஷம் பத்து மைலுக்குள் சோடாக் கடை வைக்கக் கூடாது, வைத்தால் ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று பத்திரத்தில் ஒரு வரி. அங்கமுத்து கைநாட்டு வைத்தான்.

கெடு முடிந்தது. அவன் பெண்சாதி ஆராயி காதிலிருந்த தோட்டையும் கொப்பையும் விற்றுக் கொடுத்தாள். பழைய சோடா மிஷின் ஒன்று வந்தது. அதே ஊரில், ராசப்பனின் கிளைக்கடைக்கு ரோட்டின் எதிர்ப்புறம் சொந்தக் கடை. ராசப்பன் வழக்குப் போட்டார். கடை போனால் ஆராயியின் காதும் போனதுதான்.

3

இந்த இடத்தில் காத்தான் என்று ஒருவனை எழுதி வைத்திருந்தேன். புட்டி கழுவுகிறவன், குடிகாரன் [ஒரு கண்ணில் பூ]. ராசப்பன் புட்டிகளை அங்கமுத்து புட்டிகளோடு கலந்தவன் அவன்தான் என்று இரண்டு பக்கம். நன்றாகவே வந்திருந்தது.

காத்தான் என்று எவனும் இல்லை. கலந்தவன் நான். அங்கமுத்துவோடு நானும் புதுக் கடைக்கு வந்திருந்தேன். குடித்தவர்கள் திருப்பித் தரும் காலிப் புட்டிகளை வாங்கிக் கழுவுவது என் வேலை. அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. விளிம்பை விரலால் தடவி, உடையாமலிருந்தால் நல்ல புட்டி. அவ்வளவுதான் என் படிப்பு. இப்படி ராசப்பன் பெயருள்ள நூற்றைம்பது புட்டிகளில் அங்கமுத்துவின் சோடா விலைபோயிற்று.

4

(சட்டம் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டலாம். நான் நாமக்கல் வக்கீலிடம் நாலு தடவை கேட்டு வாங்கியது.)

கெடு நடக்கும்போதே எதிர்க்கடை வைத்திருந்தால் கோர்ட்டு தடுக்கும், நஷ்டமும் வாங்கித் தரும். கெடு முடிந்தவன் பிழைப்பை அடைக்கும் வரி செல்லாது; செல்லாத வரிக்கு அபராதமும் இல்லை. ஆனால் அடுத்தவர் பெயரில் தன் சரக்கை விற்பது எப்போதும் தப்பு. அதற்குத் தடையும் உண்டு, புட்டிக்கு நாலணா வீதம் விலையும் உண்டு.

வழக்கு வந்ததும், அந்தப் புட்டிகளைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்றேன்.

"இருக்கறத இல்லீன்னு சொன்னா, நாம சொல்ற நெசத்தையும் ஆரு நம்புவா செங்கோடா?" என்றான் அங்கமுத்து.

"காது மூளியா நிக்கறவ நானு," என்றாள் ஆராயி. "பொய் சொல்லித் தோக்கறதுக்கா வித்துக் குடுத்தேன்?"

5

கூண்டில் ஏறிய அங்கமுத்து என் பெயரைச் சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் சொன்னது இதுதான்:

"புட்டி அவுங்களுதுங்க சாமி. தப்புத்தானுங்க, குடுத்தர்றேன். சோடா என்னுதுங்க."

தீர்ப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடை நிற்கும். ஐந்நூறு தள்ளுபடி. புட்டிகளைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் விலை. அன்று சாயங்காலம் மிஷின் சுற்றி என் தோள் கழன்றது. கோலி அமுங்கும் சத்தம் ஓயவில்லை. குடிக்க வந்தவன் எவனும் கடன் சொல்லவில்லை.

6

ராசப்பன் அங்கமுத்துவைக் கட்டிக்கொண்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். பொய். கதவைச் சாத்தினார் என்று இன்னொன்று. அதுவும் இல்லை.

வைக்கோல் பரப்பிய வண்டியில் புட்டிகளோடு ராசிபுரம் போனோம். அவரே எண்ணினார். நூற்று நாற்பத்தொன்பது. அங்கமுத்து மடியில் கைவிடுமுன் என் கூலியிலிருந்து நாலணாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"ஏன்டா, எங்கடைக்கு எதுத்தாப்பலயே வெக்கோணுமா?" என்றார் ராசப்பன்.

"அந்தப் பக்கந்தானுங்க மொதலாளி பஸ்ஸு நிக்குது."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

. . . . . . . . .

சிரிக்க வையுங்கள், திட்ட வையுங்கள். ஆனால் அதன்பிறகு அவர் ஒரு சீட்டை எடுத்து, "பாக்கி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.