எண்பத்தொரு வீதம் உயிர்

…எண்பத்தொன்று என்று போடாமல் எழுபது என்று போட்டிருக்கலாமோ, எழுபதென்றாலும் பொய் பொய்தானே, இந்த மெற்றோ ரயிலும் சோவே ஸ்ரேசனைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நின்று இருபது நிமிடமாகிறது, கதவும் திறக்காது, ஜோன்சனின் மடியில் நட்ட பாசியில் நூற்றுக்கு எண்பத்தொன்று தப்பியதென்று அவன் எழுதிய அறிக்கை, பதினொரு மணிக்குள் அரசாங்கக் கந்தோரில் கொடுக்கவேண்டும், கொடுத்தால்தான் காஸ்பேக் கடலடியில் அழிந்த கெல்ப் பாசிக் காட்டைத் திரும்ப வளர்க்க இன்னும் மூன்று வருட மானியம், மானியம் வந்தால்தான் அவனுக்கு வேலை, வேலைக் கடிதம் இருந்தால்தான் மன்னாரிலிருந்து அம்மாவை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ணலாம்… "இந்த முறையும் வெறுங்கையோட வந்து நிக்காதேங்கோ, மாமி அங்க ஷெல்லடிக்குள்ள கிடக்கிறா" என்று மனைவி கிறேஸ் காலையில் சொல்லித்தான் அனுப்பினாள், அவளுக்கென்ன, கடலுக்கடியில் நின்றது அவளா?

அவனல்லவா நின்றான். சீட்டுக் குலுக்கி எந்த இடம் விழுகிறதோ, அந்த இடத்தில் இரும்புச் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை பாசி என்று எண்ணவேண்டும், அதுதான் முறை. மூன்றாம் பாறையில் விழுந்த இடமெல்லாம் வெறுமை, நட்டதையெல்லாம் முள்ளுருண்டைப் பிராணிகளான கடல்முள்ளிகள் தின்று மொட்டையடித்திருந்தன, குளிரில் விரல் விறைத்துப்போய்க் கிடந்தது, இரண்டு முழம் தள்ளி ஒரு கொத்துப் பாசி ஆடிக்கொண்டு நின்றது… சட்டத்தை அதன்மேல் தள்ளி வைத்தான். ஒருமுறைதான் என்று நினைத்தான், பிறகு ஒவ்வொரு முறையும் அதே கொத்தின் மேல்தான். அட பாவி, செய்யச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லையே! மேலதிகாரி எலிசா "கணக்கு சரிதானே?" என்று பிரெஞ்சில் கேட்டதோடு சரி, அவனும் தலையை ஆட்டிவிட்டான்.

எதிர்ச் சீட்டில் பங்குக் கோயில் புஷ்பராணி அக்கா, இவ்வளவு நேரமும் செபமாலை உருட்டியவர், இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உங்கட பாசியெல்லாம் வடிவா வளருதே?"

"ஓம் அக்கா. எண்பத்தொரு வீதம் தப்பீட்டுது."

"அப்ப நல்லது. இனி அங்க ஒருத்தரும் மினக்கெடத் தேவையில்லை, என்ன?"

அறிக்கையில் மூன்றாம் பாறைப் பக்கத்தைத் திருப்பினான். மானியம் வந்ததும் முள்ளிகளைப் பொறுக்கியெடுக்க ஆட்களை இறக்குவார்கள், அழிகிற பாறைகளுக்கு மட்டும்… மூன்றாம் பாறைதான் தப்பிவிட்டதே, அவனே எழுதியிருக்கிறானே, அங்கே யார் இறங்கப்போகிறார்கள்? அந்த ஒரு கொத்து இன்னும் உயிரோடுதான் நிற்கும், ஐயோ, அதையும் தின்னக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், தன் கையாலேயே. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. கந்தோருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான், அம்மா, ஷெல், கடிதம்…

"அக்கா, பேனை ஒண்டு இருக்கோ?" என்று கேட்டுவிட்டான். எண்பத்தொன்றைத் திருத்தவா, கீழே கையெழுத்துப் போடவா என்று அவனுக்கே தெரியவில்லை.