சோம்பேறி முடிச்சு

அன்று மதியம் அந்த அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மலை முகாமிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்திருந்த ஓட்டுநர் சன்னலோர நாற்காலியில், டீ டம்ளரும் கையுமாக. கட்டில் விளிம்பில் மாமியார். தரையில் சம்மணம் போட்டு மைத்துனன். அவன் முன்னால் மூன்று கயிற்றுச் சுருள்கள். வீட்டுக்காரர் மட்டும் உட்காரவில்லை. லாரி ஆபீசில் பார்சல் கட்டுபவர் அவர். மனைவியின் கடிதத்தோடு அலமாரியில் சாய்ந்து நின்றார்.

மனைவி மலையில் பறவைகளைக் கணக்கெடுக்கும் குழுவில் இருந்தாள். முதல் மழை கொட்டிவிட்டது, பெருமழை தொடங்கப்போகிற நேரம்.

"சத்தமாப் படிங்க மாமா," என்றான் மைத்துனன்.

"'உங்கள் முடிச்சு பிரமாதம். கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்த பிறகும் அது அசையவில்லை. மேட்டுக்கு மாற்றலாம் என்று அவிழ்த்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை. இருட்டில் கத்தியால் அறுத்துத்தான் தப்பித்தேன். கயிறு துண்டு துண்டாகிவிட்டது. வேறு அனுப்புங்கள். ஓடைக்கு இறங்கும் சரிவுக்கும் சேர்த்து.'"

டம்ளரை எடுத்த ஓட்டுநர் குடிக்காமல் வைத்தார்.

பார்சல்காரர் கடிதத்தை மடித்தார். கூடாரத்தின் கயிறுகளை எல்லாம் அவள் கிளம்பும் முன்பே அவர்தான் முளைகளில் கட்டிக் கொடுத்திருந்தார். அவர் கட்டிய பார்சலை யாரும் அவிழ்த்ததில்லை, அறுத்துத்தான் பிரிப்பார்கள். அதுவே அவருக்குப் பெருமை. உள்ளே ஆள் இருக்கிற எதையும் அவர் அதுவரை கட்டியதில்லை.

"குருவி எண்ண ஊர்ல வேற ஆளா இல்ல?" என்றார் மாமியார். "பேசாம வந்துடச் சொல்லி எழுதுங்க மாப்பிள்ளை. நீங்க சொன்னா வருவா."

வருவாள், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு. அதுதான் பார்சல்காரருக்குப் பயமாக இருந்தது.

"முதல்ல கயிறைப் பாப்போம் அத்தை," என்று தரையில் உட்கார்ந்தார்.

மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு பளபளவென்று கனமாக இருந்தது. முடிச்சுப் போட்டு இழுத்ததும் வழுக்கியது. "வெயில் பட்டா நார் நாராக் கொட்டிடும்," என்று ஒதுக்கினார். பருத்திக் கயிற்றை வாளியில் முக்கினார். தண்ணீரைக் குடித்து ஊதி, முடிச்சு கல்லாக இறுகியது. மூன்றாவது, பென்சிலைவிட மெல்லிய பின்னல் நைலான்.

"இதான் சரக்கு," என்றான் மைத்துனன். "ஆளையே தூக்குமாம், கடைக்காரர் சத்தியம் பண்ணார்."

பார்சல்காரர் நுனியை வெட்டி, மேல்பின்னலைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே தலையணைப் பஞ்சு மாதிரி ஏதோ பிதுங்கியது.

"இது கயிறில்ல மச்சான், சட்டை போட்ட பஞ்சு."

"அந்த ஆளை!" என்று மைத்துனன் சைக்கிளை எடுத்தான்.

"சீக்கிரம் வாங்க தம்பி, இருட்டறதுக்குள்ள நான் மலையேறணும்," என்றார் ஓட்டுநர்.

மைத்துனன் கடையில் மாற்றிக் கொண்டுவந்த சுருளின் வயிற்றில் ஏழு தனித்தனி இழைகள் இருந்தன. ஒன்றை உருவிக் கிழிசல் தைக்கலாம், தூண்டிலும் போடலாம். நனைத்து, சன்னல் கம்பியில் கட்டி, நிரம்பிய தண்ணீர்க் கேனைத் தொங்கவிட்டார்கள். அசையவில்லை. பார்சல்காரர் அளந்து வெட்டி, நுனி பிரியாமலிருக்கத் தீக்குச்சியால் உருக்கி அடைத்தார்.

அப்புறம்தான் சங்கடம். நாற்காலிக் காலை முளையாக வைத்துக் கட்டிப் பார்க்கும்போது, அவர் யோசிப்பதற்குள் கை தன் பழைய முடிச்சைப் போட்டுவிட்டது. மாமியார் அவிழ்த்துப் பார்த்தார். பல்லாலும் கடித்துப் பார்த்தார்.

"அடப்பாவி மாப்பிள்ளை! இதுக்குள்ளயா என் பொண்ணைக் கட்டிப் போட்டீங்க?"

ஓட்டுநர் சிரித்துவிட்டார். பார்சல்காரரும் சிரித்தார், கண் கலங்கியபடி.

லாரியில் சுமை ஏற்றுபவர்கள் ஒரு முடிச்சுப் போடுவார்கள். கொக்கியைச் சுற்றி இரண்டு சுற்று. கடைசி நுனியை முழுதும் உருவாமல் மடித்து, காதுபோல வெளியே விடுவது. சுமை இழுத்தால் இறுகும், நுனியை இழுத்தால் உதிரும். சோம்பேறி முடிச்சு என்று அவர்களைக் கேலி செய்தவர் இவரே. இன்று இருட்டில் போடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலிக் காலில் அதைப் போட்டார்.

"ஈரக் கையாப் போட்டாத்தானே தெரியும்," என்று மாமியார் சொம்புத் தண்ணீரை அவர் கையில் ஊற்றினார்.

"அத்தை, சட்டையெல்லாம் நனையுது!"

"மலைல இதைவிடப் பலமாப் பெய்யும். ம், இழுங்க!"

இழுத்தார். ஒரே இழுப்பில் கயிறு தரையில் விழுந்தது. மாமியார் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினார். "தள்ளுங்க, நான் போட்டுப் பாக்கறேன்." இரண்டு முறை சொதப்பி, மூன்றாவதில் போட்டார், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். உதிர்ந்த கயிற்றைக் கையில் எடுத்துச் சுருட்டினார்.

"வரச் சொல்லியும் எழுதட்டுமா அத்தை?"

"முடிச்சை எழுதுங்க முதல்ல," என்றார் அவர். "படம் போட்டு எழுதுங்க."

பார்சல்காரர் முடிச்சைப் படமாகப் போட்டு, கீழே எழுதினார். 'இனி எல்லாக் கட்டும் இந்த மாதிரி. உன் அம்மாவே கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துவிட்டார்கள். சரிவில் இந்தக் கயிற்றை மரத்துக்கு மரம் கட்டிக் கைப்பிடியாகப் பிடித்துக்கொள். இதை நம்பித் தொங்காதே, மனுஷ உயிரைத் தொங்கவிட வேறு கயிறு வேண்டும். பாறை விளிம்பில் உரசினால் துணி சுற்று. அறுக்கும்படி கட்டிக் கொடுத்தது என் தப்பு. தண்ணீர் வந்தால் யோசிக்காதே, நுனியை இழுத்துவிட்டு மேட்டுக்குப் போ. குருவிகளை எண்ணி முடித்துவிட்டு வா.'

கடைசி வரியை மாமியார் இரண்டு தடவை படித்தார். பசைப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். பார்சல்காரர் உறையை ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி, கயிற்றுச் சுருளோடு ஓட்டுநரிடம் நீட்டினார். ஓட்டுநர் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினார்.