சேராத ரத்தம்

மூன்றாவது நாளும் சோதனைக் குழாய்களில் சிவப்பணுக்கள் கட்டி கட்டியாக நின்றபோது, அவள் சோதனை மருந்து அனுப்பிய கம்பெனியைத் திட்டிக்கொண்டே புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்தாள். யார் ரத்தம் யாருக்குச் சேரும் என்று ஆராய்வதிலேயே இருபது வருடம் போட்டவள். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று அறிய, வம்புதும்புக்குப் போகாத சாதாரண ரத்தம் ஒன்றையும் கூடவே வைத்துப் பார்ப்பது அந்த ஆய்வுக்கூடத்தில் வழக்கம். எப்போதும் அது டெக்னீஷியனின் ரத்தம். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், இந்த முறை தன் கையிலிருந்தே எடுத்துக்கொண்டாள். புது மருந்தைக் குறை சொன்னாள், ஃபிரிட்ஜைக் குறை சொன்னாள், தன் ரத்தத்தை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. எத்தனை படித்தாலும் தன் முதுகு தனக்குத் தெரியாது.

காய்ச்சல் விட்டு வந்த டெக்னீஷியன் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. மருந்து நல்லாத்தான் இருக்கு. கோளாறு நீங்க வெச்ச ரத்தத்துல."

"அது என்னோடதுய்யா."

"அதனாலதான் தப்பா நெனைக்காதீங்கன்னேன்."

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்து பார்த்தாள். அவளுடைய ரத்தநீர் யாருடைய அணுக்களைக் கண்டாலும் சண்டைக்குப் போனது, அவளுடையதைத் தவிர. உலகத்தில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும் ஏதோ ஒன்று அவளிடம் இல்லை. அது மட்டுமல்ல, அந்த ஒன்று எப்போதோ அவளுக்குள் வந்து போயிருக்கிறது. அதை எதிர்க்கக் கற்றுக்கொண்ட உடம்பு இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு யாரும் ரத்தம் ஏற்றியதில்லை. மிச்சம் இருக்கும் வழி ஒன்றுதான். வயிற்றில் வளர்ந்த பிள்ளை, அப்பனிடமிருந்து அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

பதினாலு வருடத்துக்கு முன்னால், ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. கணவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவனும் அதைப் பற்றிப் பேசியதில்லை, பிறகு அவனே பிரிந்து போனான். அந்தப் பிள்ளைக்கு ஒரு போட்டோ இல்லை, ஒரு துணி இல்லை. இப்படி எத்தனையோ பெண்களுக்கு நடந்ததைக் கட்டுரை கட்டுரையாக எழுதியவள், ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

அழுது முடித்ததும் பயம் வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு ஆபரேஷன். கர்ப்பப்பைக் கட்டியால் உதிரம் போய்ப் போய் வெளுத்திருந்தாள். தன் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துவைக்கவும் வழியில்லை. இரண்டு பாட்டில் தயாராக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரிய ரத்தக்காரர்களின் பட்டியலை அவளே தயாரித்தவள். அதில் பொருந்துகிறவர் ஒருவரும் இல்லை. நோயாளிகளிடம் வாய் வலிக்கச் சொல்வாள், 'முதல்ல கூடப்பிறந்தவங்களைக் கேளுங்க' என்று.

கூடப்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. பேசி எட்டு வருடம் ஆகிறது. கணவன் பிரிந்த அன்று அக்கா, "ஒரு குழந்தை இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று கேட்டாள். பாவம், தெரியாமல்தான் கேட்டாள். இவள் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவள்தான்.

நம்பர் மாறியிருக்கவில்லை. மணி நான்கு முறை அடித்தது.

"யாரு?"

"நான்தான்க்கா."

அந்தப் பக்கம் பாத்திரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்கா எதையோ கீழே வைத்தாள்.

"ஏன்டி, உயிரோடதான் இருக்கியா? சரி, என்ன வேணும் சொல்லு. சும்மா கூப்பிடுற ஆளா நீ?"

"ரத்தம் வேணும்க்கா. உன்னோடது சேருமான்னு பாக்கணும். நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு."

ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள், அது அவளுக்குப் பழக்கமே இல்லாத காரியம்.

"ஏன், வேற யாரு ரத்தமும் சேராதா? எதனால அப்படி?"

வேறொருவரிடமென்றால் விளக்க ஆயிரம் சொல் இருந்தது அவளிடம்.

"எனக்கு ஒண்ணு உண்டாச்சுக்கா. அஞ்சு மாசம். தங்கல. அதனால."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு குழாயை மூடும் சத்தம்.

"எப்போ?"

"நீ அதைக் கேட்டியே, அதுக்கு ஆறு வருஷம் முன்ன."

அக்கா மூச்சு விடுவது கேட்டது. நாற்காலியை இழுத்தாள்.

"பொண்ணா?" என்றாள், மிகவும் மெதுவாக.

"தெரியல. நான் கேக்கல."

 அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.