கோட்டுக்கு அப்பால் ஒரு விரலிடை

செய்ன் ஆறு பாரிசு மாநகரைத் தழுவிக் கடந்த பின்னரும் பிரிய மனமின்றி வளைந்து திரும்புகின்ற மேலைக் கரையில், முதிர்ந்த மரங்கள் நிழல் விரித்திருக்க, அந்நிழலின் விளிம்பிலே செங்கற்பொடி பரப்பிய ஆடுகளம் ஒன்று, உலையினின்று அப்போதே எடுத்த செப்புத் தகடெனச் சிவந்து கிடந்தது. பெரும்போர் மூள்வதற்கு மூன்றாண்டுகள் முந்திய வேனிற் பிற்பகல் அது. வெண்குடை பிடித்த மகளிரும் வைக்கோல் தொப்பி அணிந்த ஆடவரும் பலகைப் படிகளில் நெருங்கி அமர்ந்து, எலுமிச்சை நீரைப் பருகியும், இன்னும் தொடங்காத ஆட்டத்தின் முடிவை ஐயமின்றி உரைத்தும் பொழுது போக்கினர்.

கற்றறிந்த பெருமக்களே, டென்னிசு எனப் பிறர் கூறும் வரிப்பந்தாட்டத்தில் அந்நாட்டு மகளிர் வாகையை ஐந்து முறை சூடிய சிதோனி ஆர்வெல், ஆறாவது வாகைக்காக அன்று களம் புகுந்தாள். பத்தொன்பதாம் அகவையில், கணுக்காலில் புரளும் பாவாடையை ஒரு கையால் ஒதுக்கியவாறே ஓடப் பழகி, தென்கடற்கரைக் களங்களிலும் கடல்கடந்த புல்வெளிகளிலும் வென்று மீண்டவள் அவள். பந்தை அவள் அடிப்பதில்லை, விழவேண்டிய இடத்தை அதன் செவியில் ஓதிவிடுகிறாள் எனச் செய்தித்தாள்கள் எழுதின. முப்பத்தைந்தாம் அகவையில், அவளுடைய இடக்கண்ணில் வைகறைப் பனி போல் ஒரு படலம் இறங்கி ஓராண்டு கடந்திருந்தது. அதனை அறிந்தவர் மருத்துவரும் தங்கை கிளெமான்சும் மட்டுமே.

உடைமாற்றும் அறையில் தங்கை அவள் கையிலிருந்த மட்டையைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

"டாக்டர் சொன்னத மறந்துட்டியாக்கா? பந்து இடப்பக்கமா வந்தா என்ன பண்ணுவ?"

"இன்னொரு கண்ணு எதுக்குடி இருக்கு? இன்னைக்கு ஒரு நாள். ஜெயிச்சுட்டு நானே நிறுத்திடறேன். கண்ணு போச்சு, அதான் போயிட்டாள்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

கிளெமான்சு மட்டையை விட்டாள். ஆட்டத்தைக் காண மனமின்றி, வாயிற்புறத்து வண்டியிலேயே சென்று அமர்ந்துகொண்டாள்.

எதிர்த்து ஆட வந்த ஒதில் மர்சால், வடபுலத்துச் சிற்றூரொன்றின் இருப்புப்பாதை நிலையத் தலைவர் மகள், இருபத்திரண்டு அகவையினள். செல்வக் குடியினர் நிறைந்த அக்கழகத்தில் அவள் தந்தையின் தொழிலை மறந்தவர் எவரும் இலர். "டிக்கெட்டுல ஓட்டை போடுற மாதிரில்ல அடிக்கிறா" என்று ஒரு சீமாட்டி விசிறிக்குப் பின்னிருந்து கூறியது, விசிறியைக் கடந்து களம் வரை கேட்டது. ஒதில் திரும்பிப் பாராமல், மட்டையின் நரம்புகளை விரலால் நேர்செய்துகொண்டிருந்தாள்.

அக்கழகத்தார் உயிரினும் மேலாய்ப் போற்றிய வழக்கம் ஒன்றுண்டு. கோட்டுக் காவலர் பிழைபட உரைத்து, தகாத புள்ளியொன்று தன்பால் வந்ததெனக் கருதுபவர், அடுத்த பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்து அதனைத் திருப்பித் தந்துவிடல் வேண்டும். தந்தவர் அதைப் பற்றிப் பேசுதல் கூடாது. பெற்றவர் நன்றி உரைத்தலும் கூடாது. பதினாறு ஆண்டுகளில் சிதோனி அவ்வாறு திருப்பித் தந்த புள்ளிகள் பல; கண்டோர் சிலர்; நினைவில் வைத்தோர் இலர்.

முதற் சுற்றைச் சிதோனியும் அடுத்ததை ஒதிலும் வெல்ல, மூன்றாம் சுற்று முடியும் தறுவாயில், இருவரும் சமன் நின்ற வேளையில், ஒதில் அடித்த பந்து சிதோனியின் இடக்கோட்டருகே வீழ்ந்தது. வெளியே என்று காவலர் கை உயர்த்தினார். சிதோனியின் வாகைக்கு இனி ஒரே புள்ளி. ஆயின், வெண்கோட்டிலிருந்து பொடி எழுந்ததைத் தான் கண்டதாகவே சிதோனி நம்பினாள். பெருமூச்சும் விடாமல், அடுத்த பந்தை வலையின் நடுவே மென்மையாக இட்டாள். காண்போர் எழுந்து நின்று ஆர்த்தனர்.

அவ்வார்ப்பினூடே தன் இடம் மீண்டவள், கோட்டருகே குனிந்து வலக்கண்ணால் நோக்கினாள். பந்தின் சுவடு கோட்டுக்கு அப்பால், ஒரு விரலிடை தள்ளி, முத்திரை பதித்தாற்போல் தெளிவாகக் கிடந்தது. காவலர் தவறு செய்யவில்லை. அதன்பின் இடப்பக்கத்துக்கு வந்த எந்தப் பந்தையும் அவள் நம்பவில்லை. எட்டிய பந்துகளையும் தயங்கித் தவறவிட்டாள். ஒதில் வாகை சூடினாள். கழகத் தலைவரோ வென்றவளுக்கு இரண்டு சொற்களும் தோற்றவளின் பெருந்தன்மைக்கு இருபது சொற்களும் வழங்கினார்.

கூட்டம் கலையுமுன், கழக மாளிகையின் முகப்பில் தனித்து நின்ற சிதோனியிடம் ஒதில் வந்தாள். வெற்றியின் களிப்பு அவள் முகத்தில் இல்லை.

"அந்தப் பந்து வெளியதான் விழுந்துச்சு. அடிச்சவ நான், எனக்குத் தெரியாதா? ஸ்டேஷன் மாஸ்டர் பொண்ணுதானே, போனாப் போகுதுன்னு பிச்சை போட்டீங்களா?"

வழக்கம் சிதோனியை வாய் திறவாதிருக்கப் பணித்தது. வாளாவிருந்தால் அவள் பெயர் மாசின்றி நிற்கும். இப்பெண்ணின் வாகையோ வாழ்நாளெல்லாம் இரந்து பெற்ற பொருளாய் அவளை உறுத்தும். சிதோனி வாய் திறந்தாள்.

"பிச்சை இல்லம்மா. கோட்டு மேல விழுந்துச்சுன்னுதான் நெனச்சேன். இந்த இடது கண்ணு மங்கி ஒரு வருஷமாச்சு."

ஒதிலின் முகம் வெளிறியது. "அப்போ... கடைசி வரைக்கும் இடப்பக்கமாவே அடிச்சேனே."

"தெரியாமத்தானே அடிச்ச? தெரியாம இருக்கட்டும்னு மறைச்சது நான். அதுக்கு நீ அழக் கூடாது."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சொல்லு, சொல்லாம இரு, உன் இஷ்டம். முதல்ல கையக் குடு. கீழ நாலு படியா அஞ்சு படியான்னு எனக்குத் தெரியல."

படிகள் ஐந்து. ஒதில் ஒவ்வொன்றையும் தாழ்ந்த குரலில் எண்ண, சிதோனி அவள் முழங்கையைப் பற்றி இறங்கினாள். வென்றவளும் தோற்றவளும் கைகோத்து வரக் கண்ட சீமான்கள் தொப்பி கழற்றினர். விசிறிச் சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் தாள்கள் அக்காட்சியை நட்பின் உருவம் எனப் பாடின. அதன்பின் சிதோனி ஆர்வெல் மட்டையை ஏந்தவில்லை.

அன்று அங்குக் கூடியிருந்தோர் எழுநூற்றுவர். நிகழ்ந்தது இன்னதென அறிந்தோர் இருவர். அவ்விருவருள் ஒருத்திக்கு ஒரு கண்ணே பயன்பட்டது.