தொண்ணூற்று ஒன்பதரை டிகிரி

திருவாதவூர் ஆண்டிச்சாமி வீட்டுப் பெண் புகுந்த வீடு போனால், அந்த வீட்டுப் பெருவிடை இன நாட்டுக்கோழியின் குஞ்சுகளும் கூடையில் கூடப் போகும். தாத்தா காலத்திலிருந்து தவறாத சீர் அது. மகள் பாண்டிமீனாவின் கல்யாணம் நெருங்கியபோது, அடையிலிருந்த கோழியைக் கீரி கடித்துப் போட்டது. அந்த வம்சத்தில் வேறு பெட்டை இல்லை. முட்டைகள் மட்டுமே மிச்சம்.

பாண்டிமீனா கே.கே. நகர்த் தோழியிடம் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டியை இரவல் வாங்கி வந்து, முட்டைகளை அதற்குள் வைத்தாள்.

மறுநாள் பசுமலையிலிருந்து வந்த சம்பந்தி ராஜபாண்டி பெட்டியைக் குனிந்து பார்த்தார். 99.5 என்று சிவப்பாக எரிந்தது.

“நூறு டிகிரில தண்ணியே கொதிக்கும் சம்மந்தி! குஞ்சு பொரிக்கிறீகளா, முட்டை அவிக்கிறீகளா?” போனை நீட்டினார். “இந்தா, முப்பத்தேழரை வைக்கணும்னுதான் போட்டிருக்கு. பேசாம சந்தையில நாலு குஞ்சு வாங்கிருங்க. எவனுக்குத் தெரியப் போவுது?”

சந்தைக் குஞ்சு! ஆண்டிச்சாமிக்கு உச்சந்தலை வரை சுட்டது. ஆனால் போனில் முப்பத்தேழரைதான் இருந்தது. சூட்டைக் குறைக்க ராஜபாண்டியின் விரல் பொத்தானுக்குப் போனது.

“கைய எடுங்க மாமா!” பாண்டிமீனா ஓடி வந்தாள். “அது செல்சியஸ், இது பாரன்ஹீட். நேத்து பேப்பர்ல மதுரையில நூத்தி நாலு டிகிரி வெயில்னு போட்டிருந்தான். நீங்க என்ன அவிஞ்சா போயிட்டீக?”

“வாயப் பாரு! ரெண்டும் ஒண்ணுங்கிறியா?”

“உங்க போன்லயே போடுங்க. முப்பத்தேழரைய ஒம்போதால பெருக்கி, அஞ்சால வகுத்து, முப்பத்திரண்டக் கூட்டுங்க.”

போட்டார். 99.5. திரும்பவும் போட்டார். அதேதான்.

“எம்மக கணக்குதான் நிக்கும்,” என்று நிமிர்ந்தார் ஆண்டிச்சாமி. “பொரிக்கலேன்னா வெறுங்கூடையைத் தலையில வச்சு உங்க பந்தலுக்கு வாரேன். சந்தைக் குஞ்சு எங்கூடையில ஏறாது.”

“அப்ப வெறுங்கூடைதான்,” என்று சிரித்தபடி கிளம்பினார் ராஜபாண்டி.

கரண்டு போனபோதெல்லாம் ஆண்டிச்சாமி பெட்டிக்குக் கம்பளி போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். அடை வைத்து மூன்று வாரம் முடிய, முதல் ஓடு விரிந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மனைவி ஒச்சாயி போட்ட குலவையில் தெருவே கூடிவிட்டது.

கல்யாணத்தன்று குஞ்சுக் கூடையை ஆண்டிச்சாமி யாரிடமும் கொடுக்கவில்லை. மேளத்துக்கு முன்னால், கீச்கீச்சென்ற கூடையைத் தலையில் ஏந்தியபடி பசுமலைப் பந்தலுக்குள் நுழைந்தார். ராஜபாண்டி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“பத்திரம் சம்மந்தி. இதுகளுக்கு இப்பத் தொண்ணூத்தஞ்சு டிகிரி சூடு வேணும்.”

ராஜபாண்டி போனைத் தட்டிப் பார்த்தார். “முப்பத்தஞ்சுதான சம்மந்தி? வச்சிருவோம்.”

ஆண்டிச்சாமி மீசையை நீவிவிட்டு, பந்தலின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.